சாளுவன்குப்பம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம்: சென்னையிலிருந்து ஒரு நாள் பயணம், முழு வழிகாட்டி

சென்னையில் படித்து வளர்ந்தவர்களுக்கு மாமல்லபுரம் என்றாலே பள்ளிச் சுற்றுலாதான். பத்து மணிக்குப் போய் இறங்கி, உச்சி வெயிலில் ஐந்து ரதத்தைச் சுற்றி, கல் யானை மேல் ஏறப் பார்த்து வாத்தியாரிடம் திட்டு வாங்கி, புளியோதரை சாப்பிட்டுவிட்டுத் திரும்பியிருப்போம். வளர்ந்து சொந்த வண்டி வாங்கிய பிறகும் பலர் அதே பத்து மணிக்குத்தான் போகிறார்கள். அந்த நேரக் கணக்கை மாற்றச் சொல்வதுதான் இந்த வழிகாட்டி.

காரணம் ரொம்ப எளிது. இங்கே பார்க்க வேண்டியவற்றில் பாதிக்கு மேல் புடைப்புச் சிற்பங்கள். வெயில் சாய்வாக விழுந்தால்தான் அவற்றில் மேடு பள்ளம் தெரியும். சூரியன் தலைக்கு மேல் வந்துவிட்டால் பெரிய யானை மட்டும் கண்ணில் படும், பக்கத்தில் இருக்கும் பூனையும் மானும் தப்பிப் போகும். அர்ச்சுனன் தபசுப் பாறை கிழக்குப் பார்த்தது. மதியத்துக்கு மேல் நிழலுக்குள் போய்விடும். ஐந்து ரதங்களில் நான்கு மேற்குப் பார்த்தவை. காலையில் அவற்றின் முகப்பு இருண்டு கிடக்கும். ஆகவே காலையில் பாறை, மாலையில் ரதம். நடுவில் வரும் வெயில் நேரத்துக்குச் சாப்பாடு, சிற்பக்கூடம், டச்சுக் கோட்டை. மொத்தத் திட்டமே இவ்வளவுதான்.

எப்போது போகலாம்

டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி முடிய நல்ல காலம். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. வங்கக் கடலில் தாழ்வுநிலை என்று செய்தி வந்தால் தள்ளிப் போடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் போகவே கூடாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் பத்து மணிக்கு மேல் பாறை கொதிக்கும். குழந்தைகளும் வயதானவர்களும் இருந்தால் வேண்டாம்.

வார நாள் கிடைத்தால் வார நாளே. ஆங்கிலப் புத்தாண்டு, காணும் பொங்கல் இரண்டையும் கண்டிப்பாகத் தவிர்த்துவிடுங்கள். ஏப்ரல் 18 உலக மரபுரிமை நாள். அன்றைக்குத் தொல்லியல் துறை நுழைவுக் கட்டணம் வாங்காது, அதனாலேயே கூட்டம் தாங்காது. நாட்டிய விழா நடக்கும் டிசம்பர், ஜனவரியில் மாலை நேரத்தில் ஊருக்குள் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம்.

கூட்டமானாலும் பரவாயில்லை என்று போகத்தக்க ஒரு நாள் உண்டு: மாசி மகம். பல மாவட்டங்களிலிருந்து இருளர் பழங்குடிக் குடும்பங்கள் வந்து, கடற்கரை மணலில் சேலையைக் கட்டிக் குடில் போட்டு இரவு தங்கி, விடியற்காலையில் கன்னியம்மனைக் கும்பிடுவார்கள். பெண் பார்ப்பதும், கல்யாணம் பேசுவதும், அங்கேயே தாலி கட்டுவதும் நடக்கும். போனால் ஒதுங்கி நின்று பாருங்கள். கேட்காமல் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள்.

எப்படிப் போவது

நகரத்திலிருந்து தெற்கே சுமார் 55 கிலோமீட்டர். சொந்த வண்டி என்றால் காலை ஐந்தரைக்குத் திருவான்மியூரைத் தாண்டிவிடுங்கள், ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) ஏழு மணிக்கு முன்பே போய்விடலாம். உத்தண்டியில் சுங்கச்சாவடி இருக்கிறது. பாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸில் போகிறவர்களுக்குத் திருவான்மியூர் வழியாக வரும் 588, தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம் வழியாக வரும் 515 ஆகிய மாநகரப் பேருந்துகள் உண்டு. புதுச்சேரி போகும் ஈசிஆர் பஸ்கள் வேகமானவை, ஆனால் பெரும்பாலும் ஊருக்குள் நுழையாமல் பைபாஸிலேயே இறக்கிவிடும். அங்கிருந்து ஆட்டோ பிடிக்கலாம். விடியற்காலையில் ஷேர் ஆட்டோவை நம்ப வேண்டாம்.

கையில் தண்ணீர், தொப்பி, பிடிமானம் உள்ள செருப்பு. சின்ன டார்ச் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள், குடைவரைகளின், அதாவது பாறையைக் குடைந்த கோயில்களின், உள்மூலைகளைப் பார்க்க உதவும். மொபைல் வெளிச்சமே போதும் என்பவர்கள் பவர் பேங்க் கொண்டுபோங்கள்.

முதல் நிறுத்தம்: சாளுவன்குப்பம் (காலை 6.45 – 7.45)

மாமல்லபுரத்துக்கு ஐந்து கிலோமீட்டர் முன்பே, ஈசிஆரின் கடற்கரைப் பக்கம். பலகையில் புலிக்குகை என்று இருக்கும், பஸ் நடத்துனரிடமும் அப்படியே சொல்லுங்கள். சவுக்குத் தோப்பு, மணல், அதற்கு அப்பால் கடல். காலையில் நடைப்பயிற்சிக்காரர்கள் தவிர ஆள் இருக்காது.

புலிக்குகை என்று பெயர்தான், உண்மையில் குகை இல்லை. ஒரு பெரிய பாறையின் முகத்தில் சிறிய மண்டபம் குடைந்து, அதைச் சுற்றி வளைவாகப் பதினொரு யாளித் தலைகளைச் செதுக்கியிருக்கிறார்கள். விழாக் காலத்தில் உற்சவமூர்த்தியை வைக்கும் இடமாகவோ, அரசன் உட்காரும் மேடையாகவோ இருந்திருக்கலாம் என்று இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். அதே பாறையின் ஓரத்தில் யானைகள் பாதி வடித்த நிலையில் நிற்கின்றன. முடிக்காமல் விட்ட வேலையைக் கவனிக்கும் பழக்கத்தை இங்கேயே தொடங்கிவிடுங்கள், நாள் முழுக்கப் பயன்படும்.

கொஞ்சம் வடக்கே நடந்தால் அதிரணசண்டன் குடைவரை. உள்ளே சோமாஸ்கந்தர் (சிவன், உமை, நடுவில் குழந்தை முருகன்), பக்கச் சுவர்களில் ஒன்றில் பல்லவ கிரந்தத்திலும் எதிர்ச் சுவரில் நாகரியிலும் ஒரே சமஸ்கிருதக் கல்வெட்டு. எதிரே மணலில் கிடக்கும் குட்டைப் பாறையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதில் மகிஷனோடு துர்க்கை செய்யும் போர், சின்ன அளவில். மாமல்லபுரத்துக் குகையில் இதே காட்சியைப் பெரிய அளவில் பார்க்கப் போகிறீர்கள், அதனால் இதை முதலில் பார்ப்பது நல்லது.

இன்னும் தள்ளி இருப்பதுதான் இந்த நிறுத்தத்துக்கே காரணம். 2004 டிசம்பர் சுனாமி இங்கே மணலை அரித்துக்கொண்டு போனபோது ஒரு பாறையில் கல்வெட்டுகள் வெளிப்பட்டன. ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்துக் கல்வெட்டு ஒன்று திருவிழிச்சில் என்ற ஊரில் இருந்த முருகன் கோயிலைப் பற்றிப் பேசியது. அப்படி ஒரு கோயில் அங்கே கண்ணில் படவில்லை. இந்தியத் தொல்லியல் துறை 2005-இல் தோண்டியதும், வடக்குப் பார்த்த ஒரு செங்கல் கோயில் மணலுக்கடியிலிருந்து எழுந்து வந்தது. கல்லால் ஆன வேல் ஒன்றும் கிடைத்தது. மேலே பல்லவர் காலக் கட்டுமானம், அதற்கடியில் இன்னும் பழைய செங்கல் அடித்தளம். அடியில் இருப்பது சங்க காலத்தது என்று அகழாய்வு செய்தவர்கள் சொன்னார்கள். அவ்வளவு பழமை இருக்காது என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். எது சரியானாலும், உயரமான சிற்பம் எதுவும் இல்லாத இந்தச் செங்கல் வரிசைகளை விளிம்பில் நின்று பத்து நிமிடம் பாருங்கள். பெரிய செங்கல் எங்கே முடிகிறது, கல் எங்கே தொடங்குகிறது என்பதைக் கண்ணாலேயே பிரித்துவிடலாம்.

இரண்டாவது: தபசுப் பாறையும் மலையும் (8.00 – 10.30)

ஊருக்குள் வந்ததும் பேருந்து நிலையத்தருகில் இட்லியோ பொங்கலோ சாப்பிட்டுவிடுங்கள். டிக்கெட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: இந்தியர்களுக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய், பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம். தொல்லியல் துறை இணையதளத்திலும் எடுக்கலாம். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் ஒரே டிக்கெட் என்பதால் மாலை வரை பத்திரமாக வைத்திருங்கள். நேரம் காலை 6 முதல் மாலை 6 வரை.

அர்ச்சுனன் தபசை இரண்டு நிமிடத்தில் படம் எடுத்துக்கொண்டு நகர்கிறவர்கள்தான் அதிகம். அரை மணி நேரமாவது நில்லுங்கள். முதலில் எட்ட நின்று நடுவில் இருக்கும் பிளவைப் பாருங்கள். நாகர்கள் கைகூப்பியபடி மேலே ஏறுகிறார்கள், இரு பக்கமிருந்தும் தேவர், முனிவர், வேடர், விலங்கு எல்லாம் அந்தப் பிளவை நோக்கியே வருகின்றன. அது கங்கை என்றால் ஒற்றைக் காலில் நிற்பவன் பகீரதன். சிவனிடம் பாசுபத அஸ்திரம் கேட்டு நிற்பவன் என்றால் அர்ச்சுனன். அறிஞர்கள் நூறு வருடத்துக்கு மேலாக அடித்துக்கொள்ளும் வழக்கு இது. பாறையின் உச்சியில் தண்ணீர்த் தொட்டி இருந்த அடையாளம் உண்டு. பிளவு வழியே நிஜமாகவே தண்ணீர் ஓடவிட்டிருப்பார்கள் என்கிறார்கள். அதனால் நான் பகீரதன் கட்சி.

அப்புறம் கிட்டே போய்ச் சின்னதைத் தேடுங்கள். பெரிய யானையின் காலருகே ஒரு பூனை, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தபசு செய்கிறது. அதைச் சுற்றி எலிகள் பக்தியோடு நிற்கின்றன. மேலே நிற்கும் தபசியின் அதே நிலைதான் பூனைக்கும். கீழே ஆசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு மான் பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொள்கிறது. குழந்தைகளோடு போனால் இந்த இரண்டையும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், உங்களுக்கு நிதானமாகப் பார்க்க நேரம் கிடைக்கும்.

பக்கத்திலேயே கிருஷ்ண மண்டபம். முன்னால் இருக்கும் தூண்கள் விஜயநகர காலத்தில் சேர்த்தவை. பல்லவர் வடித்தபோது அது திறந்தவெளிப் பாறை. கண்ணன் கோவர்த்தன மலையைத் தூக்கி நிற்க, அதன் கீழே ஆயர்பாடியின் அன்றாட வாழ்க்கை அப்படியே நடக்கிறது. ஒருவன் பால் கறக்கிறான், பசு திரும்பித் தன் கன்றை நக்குகிறது. மலையே தலைக்கு மேல் நிற்கும்போது பால் கறக்கும் அந்த ஆளின் நிதானத்தைப் பார்க்கவே தனியாகப் போகலாம்.

இனி மலை ஏறலாம். வடக்கே கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை எனும் பாறை, சுமார் ஆறு மீட்டர் உயரம், 250 டன் இருக்கும் என்பது கணக்கு. 1908-இல் சென்னை ஆளுநர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுக்கப் பார்த்தும் அசையவில்லை என்று சொல்வார்கள். 2019 அக்டோபரில் மோதியும் ஷி ஜின்பிங்கும் இதன் முன்னால் கைகோத்து நின்ற பிறகு செல்ஃபிக் கூட்டம் இன்னும் கூடிவிட்டது. பாறைச் சரிவில் சறுக்கி விளையாடி விளையாடி வழுவழுப்பாகியிருக்கிறது, பார்த்துக் கால் வையுங்கள். இதற்கு ஐந்து நிமிடம் போதும்.

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் தெற்கே கலங்கரை விளக்கத்தையொட்டி இருக்கும் மகிஷாசுரமர்த்தினி குகை. போகிற வழியில் கணேச ரதம், வராக மண்டபம், இராயர் கோபுரம் மூன்றும் வரும். இராயர் கோபுரம் அடித்தளத்தோடு நின்றுபோன வேலை. வராக மண்டபத்தின் உள்ளே கஜலட்சுமியைப் பார்க்க டார்ச்சை எடுங்கள். மர்த்தினி குகையில் நட்ட நடுவே நின்றுகொண்டு முதலில் ஒரு சுவரைப் பாருங்கள்: எட்டுக் கைகளோடு துர்க்கை சிங்கத்தின் மேல் வருகிறாள், எருமைத் தலையன் கதாயுதத்தைப் பிடித்தபடி பின்வாங்குகிறான், அவன் படை சாய்கிறது. அப்படியே எதிர்ச் சுவருக்குத் திரும்பினால் பாம்பணையில் திருமால் அசையாமல் தூங்குகிறார். ஒன்றில் எல்லாக் கோடும் சாய்ந்திருக்கிறது, மற்றதில் எல்லாம் படுக்கை வாட்டம். எதிரெதிரே வைத்தது தற்செயல் என்று நான் நம்பத் தயாரில்லை.

குகைக்கு மேலே இருக்கும் ஒலக்கண்ணேசுவரர் கோயிலில், இப்போதிருக்கும் கலங்கரை விளக்கம் வருவதற்கு முன் கப்பல்களுக்கு விளக்கு ஏற்றினார்கள். ஏறிப் பார்த்தால் ஊர், கடல், உப்பங்கழி மூன்றும் தெரியும். குரங்குகள் இருக்கின்றன, தின்பண்டத்தைப் பைக்குள் வையுங்கள்.

வழிகாட்டி வைத்துக்கொள்ள நினைத்தால் அரசு உரிமம் பெற்றவரா என்று அட்டையைக் கேளுங்கள், எவ்வளவு நேரம், எவ்வளவு பணம் என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். நல்லவர் கிடைத்தால் காசுக்கு மேல் லாபம். நல்லவரா என்று அறிய, 'பஞ்ச பாண்டவ மண்டபத்தை ஏன் முடிக்கவில்லை' என்று கேட்டுப் பாருங்கள். மகாபாரதக் கதையில் இறங்கினால் நன்றி சொல்லிவிட்டு நகரலாம்.

வெயில் நேரம்: சதுரங்கப்பட்டினம் அல்லது சிற்பக்கூடம் (11.00 – 3.30)

வண்டி இருந்தால் தெற்கே கல்பாக்கம் பக்கம் போங்கள், அரை மணி நேரம்கூட ஆகாது. பஸ்ஸில் வந்தவர்கள் கல்பாக்கம் பஸ் பிடிக்கலாம், அல்லது காத்திருப்பும் சேர்த்து ஆட்டோ பேசிக்கொள்ளலாம். அணுமின் நிலையத்துக்குப் பக்கத்தில், கடலோரமாக, டச்சுக்காரர்களின் கோட்டை சிதைந்து நிற்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் டச்சு கிழக்கிந்திய நிறுவனம் இங்கிருந்து மெல்லிய துணிகளை வாங்கிக் கப்பலேற்றியது. 1782 பிப்ரவரி 17 அன்று இதே கரைக்கு அப்பால் எட்வர்ட் ஹியூஸ் தலைமையிலான ஆங்கிலக் கப்பற்படையும் சஃப்ரென் தலைமையிலான பிரெஞ்சுக் கப்பற்படையும் மோதின.

உள்ளே செங்கல் சுவர்கள், நீண்ட கிடங்குகள், ஒரு சின்னக் கல்லறைத் தோட்டம். கல்லறைப் பலகைகளில் குடும்பச் சின்னங்களையும் டச்சு எழுத்தையும் ஆழமாக வெட்டியிருக்கிறார்கள். கல்லறைப் பகுதி பூட்டியிருந்தால் காவலரிடம் கேளுங்கள். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அணுமின் வளாகத்தின் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள், பாதுகாப்புப் படையினர் விடமாட்டார்கள்.

கோடை என்றாலோ, கூட வந்தவர்கள் களைத்துவிட்டாலோ இதை விட்டுவிடுங்கள். அதற்குப் பதில் மாமல்லபுரத்துச் சாலையோரச் சிற்பக்கூடங்களில் நிழலில் நிற்கலாம். 1957 முதல் இங்கே அரசு சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே படித்தவர்களும் பரம்பரையாகச் செய்பவர்களும் இந்தப் பட்டறைகளில் வேலை செய்கிறார்கள். பெரிய வெட்டுக்கு இப்போது மின்சாரக் கட்டர்தான். ஆனால் கண், நகம், ஆபரணம் என்று வந்ததும் உளி கைக்கு வந்துவிடும். சத்தமே மாறும்.

வாங்குவதென்றால் ஒன்று கவனியுங்கள். மாக்கல் பொம்மை நகத்தால் கீறினாலே கோடு விழும், எடையும் குறைவு, விலையும் குறைவு. கருங்கல் கீறாது. மாக்கல்லில் கறுப்பு மெருகு ஏற்றிக் கருங்கல் விலை சொல்பவர்களும் உண்டு, அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சின்னதாக வாங்க மாக்கல்லே போதும், என்ன கல் என்று தெரிந்து வாங்கினால் சரி.

சாப்பாட்டுக்குச் சைவம் பேருந்து நிலையப் பக்கம். மீன் வேண்டுமென்றால் ஒத்தவாடைத் தெருவும் மீனவர் குப்பத்தை ஒட்டிய கடைகளும். மீனைக் காட்டி எடைக்கு விலை சொல்வார்கள். சமைக்கக் கொடுக்கும் முன் மொத்தம் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள், சமையல் கூலி தனியா என்பதையும் சேர்த்து. எல்லோரும் வஞ்சிரம்தான் கேட்பார்கள். நான் சங்கராவும் நெத்திலியும் சொல்வேன். விலையும் குறைவு, அன்றைக்குப் பிடித்ததாக இருக்கும் வாய்ப்பும் அதிகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போது பெரிய மீன் விலை ஏறும்.

மாலை: ஐந்து ரதம் (3.45 – 4.45)

மேற்கு வெயில் முகப்புகளில் விழும் நேரம் இது. பாண்டவர்களுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை, பெயர்கள் பிற்காலத்தில் ஊரார் வைத்தவை. வடக்கிலிருந்து தெற்கே நீண்டு கிடந்த ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி நான்கு கோயில் வடிவங்களை எடுத்திருக்கிறார்கள். ஐந்தாவதான நகுல சகாதேவ ரதம் மட்டும் தள்ளி நிற்கிறது. அதன் பின்புறம் யானையின் முதுகுபோல வளைந்திருக்கும், பக்கத்திலேயே ஒரு கல் யானையையும் நிறுத்தியிருக்கிறார்கள். சிற்பியின் குறும்பு என்றே எடுத்துக்கொள்கிறேன்.

மேலே முடித்துக் கீழே விட்டிருப்பதைக் கவனித்தால் வேலை நடந்த முறை விளங்கும். பீம ரதத்தின் கூரை தயார், அடிப்பகுதி கரடுமுரடு. சாரம் கட்டாமல் உச்சியிலிருந்து இறங்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். தர்மராஜ ரதத்தின் கீழ்த்தளச் சுவர்களில் அர்த்தநாரியும் ஹரிஹரனும் அரசன் ஒருவனின் உருவமும் உண்டு. அவன் முதலாம் நரசிம்மவர்மன் என்பது பலரின் முடிவு. மேலே பல்லவ கிரந்தத்தில் அரசனின் பட்டப்பெயர்கள் பொறித்திருக்கின்றன. குடிசைக் கூரை போட்ட திரௌபதி ரதத்தின் உள்ளே எட்டிப் பாருங்கள்: தேவியின் காலடியில் ஒருவன் தன் தலையையே அரிந்து கொடுக்கப் போகிறான்.

கடைசியாகக் கடற்கரைக் கோயில் (5.00 – 6.00)

ரதங்களிலிருந்து ஆட்டோவில் ஐந்து நிமிடம். இது குடைந்ததல்ல, கருங்கற்களை அடுக்கிக் கட்டியது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பல்லவ மன்னன் இராஜசிம்மன் காலத்தில். பெரிய விமானம் கடலைப் பார்க்கிறது, சின்னது ஊரைப் பார்க்கிறது, இரண்டுமே சிவனுக்கு. நடுவில் பாறையோடு பாறையாகத் திருமால் பள்ளிகொண்டிருக்கிறார், பல பேர் அவரைக் கவனிக்காமலே சுற்றி வந்துவிடுவார்கள். உப்புக்காற்று பல சிற்பங்களின் முகத்தைத் தின்றுவிட்டது. சவுக்கு நட்டதும் கல் தடுப்பு போட்டதும் மிச்சத்தைக் காப்பாற்றத்தான். முற்றத்தில் ஒரு கல் சிங்கம் உட்கார்ந்திருக்கிறது. அதன் மார்பில் சதுரமாக ஒரு மாடம், அதற்குள் துர்க்கை. குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

ஆறு மணிக்கு வெளியே அனுப்பிவிடுவார்கள். பிறகு கடற்கரையில் மாங்காய்ப் பத்தை, சுண்டல், மிளகாய் பஜ்ஜி என்று உங்கள் விருப்பம். கடலில் குளிக்க வேண்டாம். கரையோரம் பாறை, இழுப்பும் அதிகம். முட்டியளவு தண்ணீரே போதும்.

திரும்பும் வழி

ஞாயிறு மாலை ஏழிலிருந்து ஒன்பது வரை ஈசிஆரில் முட்டுக்காட்டிலிருந்து அக்கரை வரை வண்டிகள் ஊரும். ஆறரைக்கே கிளம்புங்கள், இல்லையென்றால் இரவுச் சாப்பாட்டை அங்கேயே முடித்துவிட்டு ஒன்பதுக்கு மேல் கிளம்புங்கள். பூஞ்சேரியில் திரும்பித் திருப்போரூர் வழியாக ஓஎம்ஆரை (பழைய மாமல்லபுரம் சாலை) பிடிப்பது இன்னொரு வழி. தாம்பரம், வண்டலூர் பக்கத்துக்காரர்கள் கேளம்பாக்கத்தில் பிரிந்துவிடலாம். பஸ்ஸில் வந்தவர்கள் மாநகரப் பேருந்தின் கடைசி நடை எத்தனை மணிக்கு என்று காலையில் இறங்கும்போதே நிலையத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தவறவிட்டால் ஆட்டோவில் பைபாஸுக்குப் போய்ப் புதுச்சேரியிலிருந்து வரும் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தலாம், ஆனால் உட்கார இடம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.